அனுமதி மறுக்கப்பட்டது: ஒரு வரியின் பிறந்த கதை

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) வெட்டுவித்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து, விளக்கத்தோடு 1963இல் வெளியிட்டார். கல் பேசுவது துறைமுக ஒழுங்கைப் பற்றி. பிறநாட்டவர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் கொடுக்க வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மிச்சம் மூன்று பங்கும் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

மென்பொருள் எழுதுகிற எவரும் இந்தக் கல் சொல்வதை ஒருமுறையாவது ஆறுதலாக வாசிக்க வேண்டும் என்பேன். யார் வருகிறான், எதைக் கொண்டுவருகிறான், என்ன நடந்தது, அதற்கு என்ன தீர்ப்பு என்று எல்லாம் தனித்தனியே பிரிந்து நிற்கிறது. துறைமுக அதிகாரி மாறினாலும் விதி மாறாது; அது அவருடைய தலைக்குள் இல்லை, கல்லில் இருக்கிறது. யானைக் கப்பலுக்கும் குதிரைக் கப்பலுக்கும் ஏன் சலுகை என்பதையும் அரசன் அங்கேயே சொல்லிவிடுகிறான்: அவற்றில் அவனுக்கு விருப்பம். கப்பல் உடைந்து கரையில் நிற்கும் வணிகன், தன் சரக்கில் பாதி எந்த விதியின்படி போனது என்று கேட்கலாம். கல்லைக் காட்டிப் பதில் சொல்லலாம்.

இன்றைக்கு நெடுந்தீவில் ஒருவர் கைத்தொலைபேசியில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்புகிறார். சிவப்பெழுத்தில் ஒரு வரி வருகிறது: அனுமதி மறுக்கப்பட்டது. எந்த விதி, என்ன காரணம், யாரிடம் முறையிடுவது, எதுவும் இல்லை. அந்த மென்பொருளை எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் பல வேளைகளில் அவருக்கும் தெரியாது. இந்த ஒற்றை வரி எப்படிப் பிறந்தது, பிறந்த பிறகு காரணத்தை எங்கே தொலைத்தது, தொலைத்ததைத் தேடியெடுத்தவர்களில் இலங்கையரின் பங்கு என்ன என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

ஒரு கணினியை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பயன்படுத்திய காலத்தில் அனுமதி என்ற பேச்சே எழவில்லை. அறைக் கதவின் திறப்பு யாரிடம் இருந்ததோ அவருக்கே எல்லாம். 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் கூட்டாளிகளும் சி.டி.எஸ்.எஸ். என்ற முறையை இயக்கிக் காட்டினார்கள். பலர் ஒரே கணினியை ஒரே நேரத்தில் பங்கிட்டார்கள். ஒருவருடைய கோப்பை இன்னொருவர் பார்க்கலாமா என்ற கேள்வி அன்று பிறந்தது. கடவுச்சொல் அதற்கு முதல் விடை. அடுத்து வந்த மல்டிக்ஸ் முறையில், 1965இலேயே, ஒவ்வொரு கோப்போடும் ஒரு பட்டியலை ஒட்டிவைக்கும் யோசனை வந்தது: இன்னார் வாசிக்கலாம், இன்னார் எழுதலாம். 1971இல் பட்லர் லாம்ப்சன் இதையெல்லாம் ஓர் அட்டவணையாக்கினார். கிடைவரிசையில் ஆட்கள், நெடுவரிசையில் பொருட்கள், கட்டத்துக்குள் உரிமை. அதற்குப் பிறகு வந்த அனுமதி முறைகள் பெரும்பாலும் அந்த அட்டவணையின் ஒரு பக்கத்தை விரித்தவைதான்.

1975இல் சால்ட்சரும் ஷ்ரோடரும் பாதுகாப்புக்கு எட்டுக் கோட்பாடுகளை எழுதினார்கள். அனுமதி என்று சொல்லப்படாத எல்லாம் மறுப்பே. ஒவ்வொரு முறையும் சோதி. வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் உரிமை கொடுக்காதே. இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் நின்றுவிட்டன. எட்டாவது கோட்பாடு, பாதுகாப்பு முறை மனிதர் சரியாகக் கையாளக்கூடியபடி இலகுவாக இருக்க வேண்டும் என்பது. பிறகு வந்தவர்கள் மறந்தது அதைத்தான். அதன் விலையைப் பின்னால் பார்ப்போம்.

அனுமதிக் கோளாறு என்றால் என்ன என்பதை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டிய சம்பவம், கணினி நேரத்தை வாடகைக்கு விட்ட டைம்ஷேர் என்ற கலிபோர்னியா நிறுவனத்தில் நடந்தது. நோர்ம் ஹார்டி 1988இல் அதை எழுதிவைத்தார். நிறுவனத்தில் ஃபோர்ட்ரான் மொழி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கொம்பைலர் ஒன்று இருந்தது. யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைத் தன் கோப்பகத்தில் எழுதிக்கொள்ள அதற்குத் தனி உரிமை தரப்பட்டிருந்தது. அதே கோப்பகத்தில்தான் வாடிக்கையாளரின் கட்டணக் கணக்குக் கோப்பும் இருந்தது. கொம்பைலர் இன்னொரு வசதியும் தந்தது: பிழைதிருத்தத் தகவலை எந்தக் கோப்பில் எழுதுவது என்று பயனரே பெயர் கொடுக்கலாம். ஒரு பயனர் கட்டணக் கோப்பின் பெயரைக் கொடுத்தார். அதைத் தொட அவருக்கு உரிமை இல்லை. ஆனால் இயங்குதளத்திடம் போய்க் கேட்டது அவர் அல்ல, கொம்பைலர். கொம்பைலருக்கு அந்தக் கோப்பகத்தில் எழுத உரிமை உண்டு. எழுதிவிட்டது. கட்டணக் கணக்கு அழிந்தது.

இங்கே எந்தச் சோதனையும் தவறவில்லை. இயங்குதளம் கேட்க வேண்டியதைக் கேட்டது. கொம்பைலர் தனக்குத் தரப்பட்ட உரிமையைத்தான் பயன்படுத்தியது. தவறிப்போனது ஒரே ஒரு கேள்வி: இந்த வேலை யார் பெயரில் நடக்கிறது? கொம்பைலர் ஒரே நேரத்தில் இரண்டு எசமானர்களுக்கு வேலை செய்தது, எந்த உரிமை யாருக்காக என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெயரைச் சரிபார்க்கும் வரிகளைக் கொம்பைலருக்குள் சேர்த்து இதைச் சரிசெய்ய முயன்றால், அடுத்த கோப்புக்கு அடுத்த வரி, அதற்கடுத்த விதிவிலக்குக்கு இன்னொரு வரி என்று அது முடிவில்லாமல் வளரும் என்பதையும் ஹார்டி விளக்கினார். இன்று எந்தச் செயலியில் அனுமதிக் கோளாறு வந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். சேர்வர் தன் பெயரில் கேட்டதா, பயனர் பெயரில் கேட்டதா? அரைவாசிக் கோளாறுகளுக்கு மேல் அங்கேயே பிடிபட்டுவிடும் என்பது என் அனுபவம்.

இணையம் வந்ததும் கேள்வி இன்னும் கடினமாயிற்று. முன்பின் தெரியாத யாரோ எழுதிய நிரல், இணையப் பக்கத்தோடு நம் கணினிக்குள் வந்து இயங்கத் தொடங்கியது. ஜாவா என்ற நிரல்மொழி 1996இல் அதற்கு ஒரு வேலி போட்டது: வெளியிலிருந்து வந்த நிரல் வேலிக்குள்ளேயே ஓடும், கோப்பைத் தொடாது. 1998இன் கடைசியில் வந்த ஜாவா 1.2 இதை விரிவாக்கியது. லி கோங் தலைமையில் வடிவமைத்த அந்த முறையில் ஒவ்வொரு நிரல் துண்டுக்கும் தனித்தனி அனுமதி கொடுக்கலாம். அதை நிரலுக்கு வெளியே ஒரு கொள்கைக் கோப்பில் எழுதலாம். கோப்பை வாசிக்க, வலையமைப்பில் பேச என்று ஆயத்தமாக இருந்த அனுமதிகளோடு, நிரலாளர் தாமே புதிய அனுமதி வகைகளையும் உருவாக்கலாம். டொட்நெட் என்ற தன் நிரல்தளம் 2002இல் வந்தபோது மைக்ரோசொஃப்டும் அதே பாதையில் போனது. செயலிக்குள் நாமே வனையும் தனி அனுமதி என்பது பரவலாகப் பிறந்தது இவ்வாறுதான்.

பிறந்த கையோடு நோயும் பிறந்தது. அதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும்.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகுக்கு ஆசனம் ஒதுக்கும் மென்பொருள் ஒன்றை அந்தக் காலத்து ஜாவாவில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘படகு அனுமதி’ என்று ஒரு புதிய வகையை உருவாக்குகிறோம். அதற்கு ஒரு பெயர், எந்தச் சேவை. ஒரு செயல், ஒதுக்கவா, மாற்றவா, இரத்துச் செய்யவா. கூடவே ஓர் அனுமதி இன்னோர் அனுமதியை உள்ளடக்குமா என்று பதில் சொல்லும் ஒரு பகுதியையும் நாமே எழுத வேண்டும். ‘எல்லாச் சேவையும்’ என்று வைத்திருப்பவருக்குக் காலைச் சேவையும் அடக்கம் என்று அதுதான் சொல்ல வேண்டும். அதில் ஒரு ஒப்பீடு தலைகீழாகிவிட்டால், காலைச் சேவைக்கு மட்டும் உரிமையுள்ளவர் எல்லாச் சேவையையும் இரத்துச் செய்வார், யாரும் கவனிக்கமாட்டார்கள். மறுப்பு வந்தால் சத்தம் போடுவார்கள். தவறாக வந்த அனுமதி சத்தம் போடாது.

அடுத்தது கொள்கைக் கோப்பு. அதில் நம் புதிய வகையின் பெயரை ஓர் எழுத்துப் பிசகி எழுதிவிட்டோம். ஜாவா அதைப் பிழை என்று சொல்லாது. இந்தப் பெயரில் ஒரு வகை பின்னால் வந்து சேரக்கூடும் என்று நினைத்து, தீர்க்கப்படாத அனுமதி என்று ஓரமாக வைத்துக்கொள்ளும். அந்த வகை ஒருபோதும் வராது. நிரல் தொடங்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். ஆசனம் ஒதுக்கப் போகும் கணத்தில் மறுப்பு வரும். கோப்பைத் திறந்து பார்த்தால் அனுமதி கண்முன்னே இருக்கிறது. எத்தனையோ நிரலாளரின் இரவுகளை இந்த ஓர் எழுத்து தின்றிருக்கிறது.

இதைவிடக் கடினமானது அழைப்புச் சங்கிலி. ஜாவா, கேட்கும் நிரலை மட்டும் சோதிக்காது. அதைக் கூப்பிட்டது யார், அவரைக் கூப்பிட்டது யார் என்று மேலே மேலே போய் எல்லோரிடமும் உரிமை இருக்கிறதா என்று பார்க்கும். டைம்ஷேர் கொம்பைலருக்கு நேர்ந்தது போல ஒன்று மறுபடி நடக்கக்கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு இது. ஆனால் சங்கிலியில் எங்கோ நடுவில், லொக் என்ற நிகழ்வுப் பதிவை எழுதும் ஒரு சிறு நிரல் நூலகத்துக்கு உரிமை கொடுக்க மறந்திருந்தால் முழுச் சங்கிலியும் மறுக்கப்படும். வரும் செய்தியில் எந்த அனுமதி இல்லை என்பது இருக்கும். யாரிடம் இல்லை என்பது இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள ஜாவாவைப் பிழைதிருத்தத் தடத்தோடு மறுபடி ஓட்டி, பக்கம் பக்கமாக வரும் வரிகளில் தோற்ற இடத்தைத் தேட வேண்டும். அப்படித் தடம் எடுக்க ஒரு வசதி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்றைய டொட்நெட்டில் வேறொரு சுழல். நாம் உருவாக்கிய தனி அனுமதியை முறைமை புரிந்துகொள்ள, அது இருக்கும் நிரற்கோப்பை ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன் அந்தக் கோப்பை நம்பலாமா என்று தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்கும்போது அதே அனுமதியைப் புரிந்துகொள்ள வேண்டி வந்தால் வட்டம் பூட்டிக்கொள்ளும். அதற்காகவே முழு நம்பிக்கைக்குரிய கோப்புகள் என்று ஒரு பட்டியலை மைக்ரோசொஃப்ட் வைத்தது. தனி அனுமதி எழுதியவர் தன் கோப்பை முதலில் அதில் சேர்க்க வேண்டும். சேர்க்காதவருக்குக் கிடைத்த பிழைச்செய்தி பெரும்பாலும் நோயின் பெயரைச் சொல்லவில்லை.

இப்படி அலைந்தவர்கள் கடைசியில் என்ன செய்தார்கள்? கொள்கைக் கோப்பில் எல்லா அனுமதியும் தந்துவிட்டு வேலையை முடித்தார்கள். டொட்நெட்டில் முழு நம்பிக்கை என்று வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வேலி இருந்தது, படலை திறந்தே கிடந்தது. நிரலாளரைச் சோம்பேறி என்று திட்டுவோரோடு நான் உடன்பட மாட்டேன். நாளை காலை இயங்க வேண்டிய முறைமையை வைத்துக்கொண்டு, காரணம் சொல்லாமல் மறுக்கும் ஒன்றோடு ஒரு மனிதர் எவ்வளவு நேரம் போராடுவார்? அந்த எட்டாவது கோட்பாட்டை மறந்ததன் விலை இதுதான். 2010இல் டொட்நெட் 4 தன் கொள்கை முறையைக் கைவிட்டது. 2021இல் ஜாவா 17, அனுமதிகளைச் சோதிக்கும் தன் பழைய காவலைப் பின்னால் எடுத்துவிடுவோம் என்று அறிவித்தது. 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24இல் அது நிரந்தரமாக அணைக்கப்பட்டது. எளிதில் முறிகிற அனுமதி முறை, நிரலெழுதக் கடினம், வேகக் குறைவு என்று ஜாவாக்காரர்களே காரணங்களை எழுதிவைத்திருக்கிறார்கள்.

காரணம் சொல்லாத மறுப்பு என்றால் என்ன என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் பாஸ் என்ற பயண அனுமதிச் சீட்டு இல்லாமல் எங்களால் நகர முடிந்ததில்லை. யாரிடம் அதை எடுக்க வேண்டும் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியது. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வெயிலில் காத்து நின்றவர்களுக்கு, இல்லை என்ற சொல் மட்டும் வந்த நாட்கள் உண்டு. எந்தத் தாள் குறைகிறது, எந்தத் தகவல் பிழை என்று தெரிந்தால் அதைத் தேடிக் கொண்டுவரலாம். தெரியாவிட்டால் திரும்பி நடக்கத்தான் முடியும். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இன்று மென்பொருள் எழுதுகிறார்கள். அவர்கள் எழுதும் மறுப்பும் அதே மாதிரி இருக்கக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

விதியை நிரலிலிருந்து முழுதாகப் பிரித்து, காரணத்தையும் பதிலோடு சேர்த்துத் தரும் முயற்சி 2003இல் ஒரு பொதுத் தரமாக வெளிவந்தது. ஓசிஸ் என்ற தர அமைப்பு வெளியிட்ட அதன் பெயர் எக்ஸ்ஏசிஎம்எல். செயலி தானே தீர்மானிக்காது. யார் கேட்கிறார், எதை, என்ன செய்ய, எந்தச் சூழலில் என்ற நான்கையும் கட்டி ஒரு தீர்ப்பு இயந்திரத்திடம் அனுப்பும். இயந்திரம் தனியே எழுதிவைத்த விதிகளைப் பார்த்துப் பதில் சொல்லும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இதற்கு ஒரு திறந்த மூல இயந்திரத்தை வெளியிட்டது.

அந்த இயந்திரத்தின் மேல் கட்டிவளர்த்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். சஞ்சீவ வீரவரணவும் கூட்டாளிகளும் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், தன் அடையாள மேலாண்மை மென்பொருளுக்காக எக்ஸ்ஏசிஎம்எல்லின் மூன்றாம் பதிப்பையும் கையாளும் இயந்திரத்தை உருவாக்கித் திறந்த மூலமாக வெளியிட்டது. அதற்குப் பலன என்று பெயரிட்டார்கள். கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறிப்போகும் வழியில், கடுகண்ணாவைக்கு அருகே, கண்டி இராச்சியத்தின் வாசலைக் காத்து நின்ற மலைக்கோட்டையின் பெயர் அது. அந்த இயந்திரத்தை உலகத்தில் யாரும் இறக்கி வாசிக்கலாம், மாற்றலாம், தம் செயலிக்குள் வைக்கலாம். அனுமதி பற்றிய உலகளாவிய பேச்சில் இலங்கையிலிருந்து எழுந்த குரல்களில் இதை முக்கியமானதாக நான் எண்ணுகிறேன்.

எக்ஸ்ஏசிஎம்எல்லின் நல்ல குணம் அதன் பதில்களில் இருக்கிறது. ஆம், இல்லை என்ற இரண்டோடு அது நிற்பதில்லை. அனுமதி, மறுப்பு, பொருந்தாது, தீர்மானிக்க முடியவில்லை என்று நான்கு. பொருந்தாது என்றால் உன் கேள்விக்கு என்னிடம் விதியே இல்லை என்று பொருள். தீர்மானிக்க முடியவில்லை என்றால் விதி இருக்கிறது, அதைப் பயன்படுத்த ஒரு தகவல் குறைகிறது அல்லது எங்கோ பிழை நேர்ந்தது என்று பொருள். எந்தத் தகவல் குறைகிறது என்பதையும் பதிலோடு சேர்த்து அனுப்ப இடம் உண்டு. மூன்றாம் பதிப்பில் மறுப்போடு ஓர் ஆலோசனைக் குறிப்பையும் இணைக்கலாம்.

இந்த நான்கும் ஏன் வேண்டும் என்பதற்கு அந்தப் படகு மென்பொருளுக்கே திரும்புகிறேன். தீவில் வசிப்பவருக்கு முன்னுரிமை, நோயாளிக்கும் உடன் போகிறவருக்கும் அதற்கும் மேலான முன்னுரிமை என்று விதி வைத்ததாகக் கொள்வோம். நெடுந்தீவில் பெரிய நோய் வந்தால் கடல் கடந்துதான் வைத்தியத்துக்குப் போக வேண்டும் என்பதால் இப்படி ஒரு விதி நியாயமானதுதான். ஒரு அம்மா இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர். பல வருடம் வன்னியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து தன் பழைய காணியில் வசிக்கிறார். பதிவேட்டில் அவருடைய வதிவிடம் என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. நிரலில் ஒரு வரி: வதிவிடம் நெடுந்தீவுக்குச் சமமா? வெறுமை நெடுந்தீவுக்குச் சமமில்லை. ஆகவே அவர் தீவார் இல்லை. அனுமதி மறுக்கப்பட்டது.

நிரல் இங்கே பொய் சொல்லிவிட்டது. அவர் தீவில் வசிக்கவில்லை என்று அதற்குத் தெரியாது. வசிக்கிறாரா என்பதுதான் தெரியாது. இல்லை என்பதையும் தெரியாது என்பதையும் ஒரே வரிக்குள் கலந்தவர் அதை எழுதிய நிரலாளர். பலன போன்ற ஓர் இயந்திரத்திடம், வதிவிடம் கட்டாயம் இருக்க வேண்டிய தகவல் என்று சொல்லி விதியை எழுதியிருந்தால், தீர்மானிக்க முடியவில்லை, வதிவிடம் இல்லை என்று பதில் வந்திருக்கும். படகுத்துறை ஊழியர் அம்மாவைத் திருப்பி அனுப்பாமல், கிராம அலுவலரிடம் ஒரு உறுதிப்படுத்தலைக் கேட்டிருப்பார். கட்டாயம் என்று சொல்ல மறந்தால் எக்ஸ்ஏசிஎம்எல்லும் வெறுமையைப் பேசாமல் விழுங்கிவிடும். இயந்திரம் நல்லது என்பதற்காக எழுதுபவரின் கவனம் தேவையில்லாமல் போவதில்லை.

விதிகள் ஒன்றோடொன்று மோதும் இடமும் அப்படியே. நோயாளிக்கு ஆசனம் கொடு என்று ஒரு விதி, காற்றும் கடலும் பொல்லாத நாளில் எவருக்கும் கொடுக்காதே என்று இன்னொரு விதி. எது வெல்லும்? மறுப்பே மேல், அனுமதியே மேல், முதலில் பொருந்தியதே தீர்ப்பு என்று பல இணைப்பு முறைகள் உண்டு. எதைத் தேர்ந்தோம் என்பதைக் கொள்கையிலேயே எழுத வேண்டும். நிரலுக்குள் கிளைகளாகச் சிதறி இருக்கும்போதும் இந்தத் தேர்வு நடக்கத்தான் செய்கிறது. எந்தக் கிளை முதலில் எழுதப்பட்டதோ அது வெல்லும். யாரும் தீர்மானிக்காத தீர்மானம் அது.

எக்ஸ்ஏசிஎம்எல் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். ஒரு சின்ன விதிக்குப் பக்கக் கணக்கில் குறிச்சொற்கள் எழுத வேண்டும். வாசிக்கக் கண் வலிக்கும். இது அதிகம் பரவாமல் போனதற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் அதன் எண்ணம் பிழைத்துக்கொண்டது. அமேசன் 2023இல் திறந்த மூலமாக வெளியிட்ட சீடர் மொழியில் ஒரு விதி இரண்டு மூன்று வரிகளில் முடிகிறது. தீர்ப்போடு, எந்த விதி அதைத் தீர்மானித்தது என்ற விவரமும் வருகிறது. தேவையும் குறையவில்லை. செயலிப் பாதுகாப்பு அபாயங்களைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் அமைப்பு, 2017இல் ஐந்தாம் இடத்தில் வைத்திருந்த அனுமதிக் கோளாறை 2021இல் முதலாம் இடத்துக்குக் கொண்டுவந்தது.

எல்லோர் கையிலும் இருக்கும் அன்ட்ரொயிட் தொலைபேசியிலும் இதே கதை ஒருமுறை நடந்தது. ஒரு செயலி தனக்கென்று ஓர் அனுமதியைப் பெயர் சூட்டி அறிவிக்கலாம். முன்பு, ஒரே பெயரை இரண்டு செயலிகள் அறிவித்தால் முதலில் நிறுவப்பட்டதன் சொல்லே செல்லும். தீய செயலி ஒன்று முந்திக்கொண்டு, அந்தப் பெயரை இலேசான பாதுகாப்போடு அறிவித்துவிட்டால், பின்னால் வரும் நல்ல செயலியின் கதவு அதற்குத் திறந்துவிடும். 2014இல் வந்த அன்ட்ரொயிட் 5, வேறு கையொப்பமுள்ள செயலி அதே பெயரை அறிவித்தால் நிறுவவே விடாமல் செய்தது. உங்கள் செயலி ஒருவருடைய தொலைபேசியில் மட்டும் நிறுவ மறுக்கிறது, மற்ற எல்லாரிடமும் ஓடுகிறது என்றால், அனுமதிப் பெயர் மோதலையும் ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் பழைய சோதனைப் பதிப்பு ஒன்று வேறு கையொப்பத்தோடு அங்கே கிடக்கும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பவர்களுக்கும், வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நிரல் எழுதும் தீவுப்பகுதிப் பிள்ளைகளுக்கும் சில வேண்டுகோள்கள். அனுமதி விதியை நிரலெங்கும் தூவாதீர்கள். ஒரே இடத்தில் எழுதி, ஒரே வாசலால் கேளுங்கள். ஒவ்வொரு தீர்ப்புக்கும் யார் பெயரில் கேட்கப்பட்டது, எந்த விதி பொருந்தியது, எந்தத் தகவல் வெறுமையாக இருந்தது என்ற மூன்றையும் லொக்கில் எழுதிவையுங்கள். அனுமதி கிடைக்கிறதா என்று சோதிப்பதோடு நிறுத்தாமல், கிடைக்கக்கூடாதவருக்குக் கிடைக்காமல் இருக்கிறதா என்றும் சோதனை எழுதுங்கள். அவசரத்தில் எல்லா அனுமதியும் கொடுத்துப் பார்த்தால் அன்று மாலையே திரும்ப எடுத்துவிடுங்கள். திரையில் வரும் அந்த ஒற்றை வரிக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: உங்கள் வதிவிடத் தகவல் பதிவில் இல்லை, இன்ன அலுவலகத்தில் கொடுத்தால் சரியாகும். தாக்குபவருக்கு உதவும் விவரத்தை லொக்கோடு நிறுத்துங்கள். ஆனால் தன்னுடைய தகவலில் என்ன குறை என்பதை அறியும் உரிமை அந்த அம்மாவுக்கு உண்டு. அதை எழுத ஒரு நாள் வேலைகூட ஆகாது.